கீதை அல்லது தெய்வப்பாடல்: டிமிட்ரியோஸ் கலனோஸின் வாழ்வும் கிரேக்க மொழியாக்கமும்

ஏதென்சு நகரில் 1848ஆம் ஆண்டு அச்சேறிய ஒரு நூலின் முகப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று 'கீதா'. மற்றொன்று 'தெஸ்பெசியோன் மெலோஸ்'. தெய்வத்தன்மை வாய்ந்த இசைப்பாட்டு என்பது அதன் பொருள். இரண்டிற்கும் இடையே 'அல்லது' எனப் பொருள்படும் ஓரெழுத்துக் கிரேக்க இடைச்சொல் நின்றது. வடமொழிப் பகவத்கீதையின் கிரேக்க மொழியாக்கம் அந்நூல். அதனை ஆக்கியவர் அதன் அச்சுப்படியைக் கண்டதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவர் காசியில் மறைந்திருந்தார். அவர் பெயர் டிமிட்ரியோஸ் கலனோஸ்.

தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் வீரமாமுனிவர், கிரவுல், போப் ஆகியோரின் பெயர்கள் நன்கு நிலைபெற்றுள்ளன. அவர்கள் சமயப்பணிக்காக வந்து தமிழில் தோய்ந்தவர்கள். எல்லிசு முதலானோர் கும்பெனி அலுவலின்பொருட்டு வந்தவர்கள். கலனோஸ் இவ்விரு வகையிலும் அடங்கார். சமயம் பரப்பும் நோக்கமோ ஆட்சிப் பொறுப்போ இன்றி, நாற்பதாண்டுகள் கங்கைக்கரையில் அமர்ந்து வடமொழிப் பாட்டையும் காப்பியத்தையும் தம் தாய்மொழியில் பெயர்த்தவர் அவர். அவருடைய நூல்களுள் ஒன்று பிறர் பெயரில் வெளிவந்தது. மற்றொன்றின் தலைப்பிலோ பிறர் ஆண்ட தொடர் அவர் பெயரோடு சேர்ந்து நின்றது. ஆதலின் எது அவருடையது, எது அவருடையதன்று எனப் பிரித்தறிவது அவர் வாழ்வை ஆராய்வார்க்கு முதற்கடனாகிறது.

ஏதென்சு முதல் கல்கத்தா வரை

கலனோஸ் 1760இல் ஏதென்சில் பிறந்தார். அந்நகரம் அன்று துருக்கியராகிய உதுமானியர் ஆட்சியில் இருந்தது. தொடக்கக் கல்வியை ஏதென்சில் பெற்ற அவர், பின்னர் மெசொலொங்கி நகரில் பனகியோத்திஸ் பலமாஸ் என்பாரிடம் பயின்றார். பிற்காலக் கிரேக்கப் பெருங்கவிஞரான கோஸ்திஸ் பலமாஸின் முன்னோர் இவ்வாசிரியர். அதன்பின் பத்மோஸ் தீவின் பள்ளியில் சில ஆண்டுகள் கழிந்தன. பழங்கிரேக்க மொழி, இலக்கணம், அணியியல் ஆகியவற்றில் அவர் பெற்ற புலமை இப்பள்ளிகளின் கொடையாகும். கான்ஸ்தாந்திநோபிளில் திருச்சபைப் பணியிலிருந்த உறவினர் அவரைக் குருத்துவத்திற்கு ஆளாக்க விரும்பினார். கலனோஸ் அதற்கு உடன்படவில்லை.

அவ்வேளையில் கல்கத்தாவிலும் டாக்காவிலும் வாணிகம் செய்த கிரேக்கர்கள் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினர். அவ்வழைப்பை ஏற்று 1786இல் கலனோஸ் கல்கத்தா வந்தடைந்தார். அவர் வந்த காலமும் நோக்கத்தக்கது. வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தை நிறுவி ஈராண்டுகளே ஆகியிருந்தன. சார்லஸ் வில்கின்ஸின் ஆங்கிலக் கீதை முந்தைய ஆண்டுதான் இலண்டனில் வெளிவந்திருந்தது. கிரேக்கச் சிறுவர்க்குப் பழநூல் கற்பிக்க வந்த ஆசிரியர், வடமொழிக்கும் கிரேக்கத்திற்கும் உள்ள உறவு பேசப்பட்டுவந்த ஊருக்குள் நுழைந்தார். கற்பித்தல் ஒருபுறம் நடக்க, ஆங்கிலமும் பாரசீகமும் வடமொழியும் கற்றல் மறுபுறம் நடந்தது. ஊதியத்தில் மிச்சம் பிடித்த பொருளை வட்டிக்கு வைத்துவிட்டு, 1793இல் காசிக்குப் பெயர்ந்தார். அதன்பின் அவர் எந்த வணிகர்க்கும் பணி செய்யவில்லை. எந்த ஆட்சியாளர்க்கும் கணக்குக் காட்ட வேண்டிய நிலையும் இல்லை.

காசி வாழ்வு

காசியில் அவர் அந்தணர் போல உடுத்து, அவர்தம் ஒழுகலாற்றைப் பின்பற்றி வாழ்ந்தார். ஊர்ப் பண்டிதர்களிடம் பாடம் கேட்டார். ஆங்கிலேயரோடு அளவளாவுதல் குறைவாகவும், உள்ளூர்ப் பெருங்குடியினரோடு நட்பு மிகுதியாகவும் இருந்தது. 1824இல் வட இந்தியப் பயணம் மேற்கொண்ட கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் காசியில் வாழ்ந்த இக்கிரேக்கரைத் தம் பயணக்குறிப்பில் பதிந்துள்ளார். கல்வியும் நற்பண்பும் உடையவர், பலமொழி வல்லவர் என்று போற்றும் அக்குறிப்பு மற்றொரு செய்தியையும் தருகிறது. வேறு ஆதாயம் எதுவுமின்றி ஒரு கிரேக்கர் வடமொழி படிப்பதற்காகவே காசியில் தங்கியிருப்பதை ஆங்கிலேயர் சிலரால் நம்ப இயலவில்லை. உருசிய நாட்டின் உளவராக இருக்கலாமோ என்றும் அவர்கள் ஐயுற்றனர். புலமைக்காகவே ஒருவர் வாழக்கூடும் என்பது காலனி ஆட்சியின் அறிவெல்லைக்குள் வராத ஒன்றாக இருந்தது போலும்!

அதே காசியில், கேதார கட்டத்தில் குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இருந்தது. தமிழ்த் துதிநூல்களுக்கு அங்கு இடமுண்டு. கலனோஸின் ஏழு தொகுதிகளிலோ தமிழ்நூல் எதுவும் இல்லை. அவர் காலத்து ஐரோப்பியர்க்கு இந்திய இலக்கியம் என்பது பெரும்பாலும் வடமொழி இலக்கியமாகவே இருந்தது. கலனோஸும் அவ்வெல்லையைக் கடக்கவில்லை.

பெயர் மறைந்த நூல்

கலனோஸ் வாழ்ந்த காலத்தில் அவருடைய உழைப்பில் விளைந்த நூல் ஒன்று ஐரோப்பாவில் அச்சாயிற்று. ஆனால் அதில் அவர் பெயர் இல்லை. ஜாகிந்தோஸ் தீவைச் சேர்ந்த கப்பல்தலைவர் நிக்கோலாஸ் கெபலாஸ் என்பவர் காசி வந்து கலனோஸைக் கண்டார். சாணக்கியர் பெயரில் வழங்கும் நீதிமொழிகளின் கிரேக்க மொழியாக்கப் படி அவர் வழியாக ஐரோப்பா சென்றது. 1825இல் உரோமில் அது இத்தாலிய மொழிபெயர்ப்புடன் வெளிவந்தபோது, அதனைக் கொணர்ந்த கெபலாஸின் உழைப்பாகவே அமைந்திருந்தது. பின்னர் கலனோஸின் கைப்படிகள் ஏதென்சு சேர்ந்து, அதே நீதிமொழிகள் அவர் பெயரில் அச்சேறியபோதுதான் உரிமை யாருக்கு என்பது தெளிவாயிற்று.

கலனோஸ் 1833 மே 3ஆம் நாள் காசியில் இறந்தார். நாடு விடுதலை பெற்றுவிட்டது. ஆனால் அவர் திரும்பவில்லை. அவருடைய உடல் அங்குள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நண்பர் முன்ஷி சீதல் சிங் இயற்றிய இரங்கற்பா கல்லறையில் பொறிக்கப்பட்டது. அவ்வூற்றாண்டின் பிளேட்டோ மறைந்தார் என்பது அதன் கருத்து. பாரசீக மரபில் பிளேட்டோ 'அப்லாதூன்' எனப்படுவார். அப்பெயர் கிரேக்கத்திலிருந்து அரபு வழியாகப் பாரசீகம் புகுந்து இந்தியா வந்தது. ஏதென்சில் பிறந்தவர்க்குக் காசியில் கிடைத்த புகழ்ச்சொல்லும் கிரேக்கப் பெயரின் திரிபே.

தம் செல்வத்தின் ஒரு பகுதியை உடன்பிறந்தார் மகனுக்கும் மறு பகுதியை ஏதென்சின் உயர்கல்விக்கும் அவர் எழுதிவைத்தார். கைப்படிகளும் அந்நகர்க்கே சென்றன.

ஏழு தொகுதிகளும் தலைப்புகளும்

ஏதென்சு நூலகப் பொறுப்பாளர் கியோர்கியோஸ் திபால்தோஸும் அவருடன் பணியாற்றிய அப்போஸ்தோலிதிஸும் 1845 முதல் 1853 வரை அக்கைப்படிகளை ஏழு தொகுதிகளாக வெளியிட்டனர். முதல் தொகுதி 'இந்திய மொழியாக்கங்களின் முன்னோடி' எனப் பொருள்படும் பெயருடையது. பர்த்ருஹரி, சாணக்கியர், ஜகந்நாத பண்டிதர் ஆகியோரின் பாடல்களும் நீதிமொழிகளும் அதில் உள்ளன. எஞ்சியவை பாலபாரதம், கீதை, இரகுவம்சம், இதோபதேசம், இதிகாச சமுச்சயம், தேவி மகாத்மியம் என்பன. பாட்டாக உள்ளவற்றையும் கலனோஸ் உரைநடையிலேயே பெயர்த்தார். மூலத்தின் யாப்பு கிரேக்கத்தில் இல்லை. அதற்கு ஈடாகப் பழங்கிரேக்கச் சாயல் கொண்ட செறிந்த நடை உண்டு.

தலைப்புகளைப் பொறுத்தவரை இத்தொகுதிகளில் ஒரு பொதுமுறை காணப்படுகிறது. மூலப்பெயரைக் கிரேக்க எழுத்தில் தந்து, 'அல்லது' சேர்த்து, பொருளைக் கிரேக்கத்தில் உரைப்பதே அது. இரகுவம்சம் 'இரகுவின் குலவரலாறு' ஆகிறது. பாலபாரதம் 'மகாபாரதத்தின் சுருக்கம்' ஆகிறது. பின்னதில் 'பால' என்னும் அடை இளமையைக் குறிப்பதாயினும், பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமணப்புலவர் அமரசந்திரர் பெருங்காப்பியத்தைச் சுருக்கிய செயலே தலைப்பில் பொருளாகக் கொள்ளப்பட்டது. சொல்லைக் காட்டிலும் நூல்வகையை முதன்மையாகக் கருதிய மொழிபெயர்ப்பு இது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தி, தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் அவற்றுள் வைக்கிறது. அந்நோக்கில் அமரசந்திரர் நூல் தொகுத்த வழிநூல். கலனோஸின் நூல் அதற்கு மொழிபெயர்த்த வழிநூல்.

இதோபதேசத் தொகுதியின் தலைப்பு இன்னும் சுவையானது. அங்குப் பஞ்சதந்திரம் என்னும் பெயரும் இணைந்து, அதன் கிரேக்க நேர்ச்சொல்லாகப் 'பெந்தாத்தியூக்கோஸ்' தரப்பட்டுள்ளது. ஐந்து ஏடுகள் என்பது சொற்பொருள். ஆயினும் கிரேக்கத் திருச்சபையில் வளர்ந்த எவர்க்கும் அச்சொல் மோசேயின் ஐந்நூலையே முதலில் நினைவூட்டும். இக்கதைத்தொகுதி கிரேக்கத்திற்குப் புதியதுமன்று. அரபு மொழியில் 'கலீலாவும் திம்னாவும்' என வழங்கிய வடிவத்தைப் பதினொன்றாம் நூற்றாண்டில் சிமியோன் சேத் கிரேக்கமாக்கினார். அப்போது இரு நரிகளின் பெயர்களும் பொருள்நோக்கிப் பெயர்க்கப்பட்டு, 'முடிசூடியவனும் தடம் தேடுவோனும்' எனப் பொருள்படும் தலைப்பு அமைந்தது. கரடகன், தமனகன் என்னும் வடமொழிப் பெயர்கள் அரபில் திரிந்து, திரிந்த வடிவங்களுக்கு அரபுச்சொற்களின் பொருள் கற்பிக்கப்பட்டு, அப்பொருள் கிரேக்கத்தில் பெயராகியது. மூலத்தின் சுவடே அங்கு அழிந்துவிட்டது. எண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்த தொகுதி மூலப்பெயரை முன்னிறுத்தி, பொருளைப் பின்னிறுத்தியது.

இனிக் கீதையின் தலைப்பை நோக்கலாம். 'பகவத்கீதா' என்பதனைப் பகவானால் பாடப்பட்டது என விரிப்பர். தமிழ் மரபிற் சொல்வதாயின் மூன்றாம் வேற்றுமைத் தொகை. கிரேக்கத் தலைப்பின் முற்பகுதியில் 'கீதா' மட்டுமே உண்டு. 'பகவத்' விடுபட்டதா எனின், இல்லை. அது பிற்பகுதியின் 'தெஸ்பெசியோன்' என்னும் அடைக்குள் இருக்கிறது. அச்சொல்லின் முதனிலை தெய்வம் என்னும் சொல்லோடும், அடுத்த உறுப்பு சொல்லுதல் என்னும் பொருளுடைய வேரோடும் இயைபுடையது. தெய்வத்தால் மொழியப்பட்டது என்பது அதன் பழம்பொருள். ஓமர் தம் இலியாத்தில், செருக்குற்ற பாணன் தமிரிஸிடமிருந்து கலைத்தெய்வங்கள் பறித்த பாட்டிற்கு இதே அடையைத் தருகிறார். ஒடிசியில் பாடி மயக்கும் சைரன்களுக்கும் இவ்வடை உண்டு. எனவே கிரேக்கக் காதிற்கு இது பாட்டோடு தொன்றுதொட்டு ஒட்டிய சொல்.

இத்துணைப் பொருத்தமான தொடரைக் கலனோஸின் ஆக்கம் எனப் பாராட்டுவது எளிது. அதற்கு ஒரு தடை உள்ளது. ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஸ்லேகல் 1823இல் ஜெர்மனியின் பான் நகரில் பகவத்கீதையை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அந்நூலின் இலத்தீன் முகப்பில், நடுவே கிரேக்கமாக, இதே 'தெஸ்பெசியோன் மெலோஸ்' என்னும் தொடர் இருக்கிறது. காசியில் வாழ்ந்த மொழிபெயர்ப்பாளரும் பான் நகரப் பேராசிரியரும் ஒரே தொடரைத் தனித்தனியே கண்டனர் என்பதினும், ஸ்லேகலின் பதிப்பை அறிந்த ஏதென்சுப் பதிப்பாசிரியர்கள் அதனை எடுத்தாண்டனர் எனக் கொள்வதே பொருத்தமாகும். மேலும் 'அல்லது' இட்டுத் தலைப்பமைத்தல் அந்நூற்றாண்டின் ஐரோப்பிய வழக்கே. வில்கின்ஸின் கீதை, கிருட்டிணனும் அருச்சுனனும் நிகழ்த்திய உரையாடல்கள் என்னும் மாற்றுப்பெயர் உடையது. ஜோன்ஸின் சாகுந்தலம் விதிவச மோதிரம் என்னும் துணைப்பெயர் உடையது. வில்கின்ஸ் நூலின் வடிவத்தைக் கண்டு உரையாடல் என்றார். கிரேக்கத் தலைப்பு அது பாடப்பட்டது என்பதைக் காத்தது.

இவ்வாறு தலைப்பைப் பதிப்பாசிரியர்க்கு விட்டுக்கொடுப்பதால் கலனோஸின் பெருமை குறையாது. ஸ்லேகல் இந்தியாவைக் கண்டவரல்லர். பாரிசில் வடமொழி பயின்று, ஐரோப்பிய நூலகங்களின் ஏடுகளைக் கொண்டு பணிபுரிந்தவர். கலனோஸ் காசியில் வழங்கிய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றை ஓதி உரைக்கும் பண்டிதர் வாய்வழிப் பொருள் கேட்டவர். அச்சுப்பதிப்புகள் பெருகிப் பாடங்கள் ஒருமுகப்படுவதற்கு முந்தைய நிலையை அவருடைய மொழியாக்கம் காட்டக்கூடும். உரையாசிரியர் கொண்ட பாடத்தை அவருடைய உரையினின்று மீட்டெடுக்கும் தமிழ்ப் பதிப்பாசிரியர்க்கு இம்முறை புதியதன்று. கிரேக்கச் சொல்லினின்று வடமொழிப் பாடத்திற்குப் பின்னோக்கிச் செல்லும் வழி அங்குத் திறந்திருக்கிறது.

ஒலியும் இசையும்

பெயர்களை எழுத்துப்பெயர்ப்பதில் கிரேக்கம் எதிர்கொண்ட இடர், தமிழறிஞர்க்கு மிக அணுக்கமானது. வடமொழியின் வல்லெழுத்து வரிசைகள் நான்கு ஒலிப்பு வேறுபாடுகளை உடையன. கிரேக்கத்தில் அத்துணை எழுத்துகள் இல்லை. பிற்காலக் கிரேக்கத்தின் 'பீட்டா' வகர ஒலி பெற்றுவிட்டதால், பாலபாரதத்தின் இரு பகர ஒலிகளும் ஒரே எழுத்தாகி, ஏதென்சு வாசகர் நாவில் 'வாலவராத்தா' என ஒலிக்கும். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்து வரவேண்டும் எனத் தொல்காப்பியர் வகுத்த விதியின் கிரேக்க நிகழ்வே இது. வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் அது இலக்கண நெறியாகக் கூறப்பட்டது. கிரேக்கத்தில் எழுத்தின் இயல்பால் நேர்ந்தது.

'மெலோஸ்' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. உடலின் உறுப்பு என்பதும் இசைப்பாட்டு என்பதும் அதன் இருபொருள். செய்யுளின் கூறுகளை உறுப்பு எனக் கூறும் தமிழ்மரபிற்கு இவ்விணைப்பு வியப்பூட்டாது. பிளேட்டோ தம் குடியரசு நூலில் மெலோஸ் என்பதனைச் சொல், பண், தாளம் ஆகிய மூன்றன் கூட்டு என்பார். மொழிபெயர்ப்பாளர் கைக்கு எட்டுவது இம்மூன்றனுள் சொல் ஒன்றே. பரிபாடலில் பாடினோர் பெயரோடு பண்ணும் இசைவகுத்தோர் பெயரும் குறிக்கப்பட்டிருந்தும் இசை நம்மை வந்து எட்டவில்லை. ஒரே மொழிக்குள்ளேயே நேரும் இவ்விழப்பு, மொழி கடக்கும்போது பெருகுகிறது. கலனோஸ் உரைநடையைத் தேர்ந்ததை இவ்வகையில் நேர்மை எனலாம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சார்ந்த ஒரு பெயரை இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். குறுந்தொகையில் பரணரும் கபிலரும் கொல்லித் தெய்வத்தையும் பாவையையும் பாடியுள்ளனர். கலனோஸின் தொகுதிகள் பின்பற்றிய முறையில் அப்பெயரைக் கிரேக்கமாக்குவதாயின், கொல்லி மலைப்பெயராக அப்படியே நிற்கும். பாவைக்கு மட்டும் 'கோரே' என்னும் சொல் காத்திருக்கிறது. அச்சொல்லுக்கு இளம்பெண், பெண்ணுருவச் சிலை, கண்ணின் மணி என மூன்று பொருளுண்டு. தமிழில் 'பாவை' என்பதற்கும் இம்மூன்றும் உண்டு. எதிரே நிற்பவரின் சிற்றுருவம் கண்மணியில் தோன்றுதலை இரு மொழியாளரும் தனித்தனியே கண்டு பெயரிட்டனர். தலைப்பினை ஒட்டிய பொருட்செறிவு அவ்வளவும் மறுமொழியில் கிடைக்கும் இத்தகைய இடங்கள் அரியவை. காசியோடு நின்றுவிட்ட கிரேக்க மொழியாக்கத்திற்கு இது கிட்டவில்லை.

தெய்வப்பெயர்களுக்கு இத்தகைய நேர்ச்சொற்களைத் தேடுவதில் கிரேக்கர் பழங்காலத்தில் தயங்கியதில்லை. மெகஸ்தனிஸ் மதுரா நகரத்தார் வழிபட்ட தெய்வத்தை எராக்ளிஸ் என்றார். தென்னாட்டை ஆண்ட பாண்டையாவை அவ்வெராக்ளிஸின் மகளாக்கினார். அசோகரின் காந்தார நகரக் கிரேக்கக் கல்வெட்டு 'தம்மம்' என்பதனை இறைப்பற்று எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயர்த்தது; அது கண்டறியப்பட்டது 1958இல்தான். இம்மரபுக்குப் பின் வந்தது தேவி மகாத்மிய மொழியாக்கம். மகிடனை அழிக்கும் தேவியைப் பாடும் அந்நூலுக்கு, ஏதென்சு நகரின் காவல்தெய்வமும் படைக்கலம் ஏந்திய கன்னியுமான அதீனாவின் பெயர் மிக அருகில் இருந்தது. அந்நகரிலேயே பிறந்தவர் மொழிபெயர்த்து, அந்நகரிலேயே அச்சான தொகுதியின் முகப்பில் அப்பெயர் இடம்பெறவில்லை. 1853இல் வெளிவந்த அக்கடைசித் தொகுதி 'தூர்கா' என்னும் பெயரையே தாங்கியிருக்கிறது.